முந்திரிக்கொத்து நன்றாக வரும், தொழில் வருமா?

தக்கலைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கு இது பதில். கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வயது 33. நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார், சம்பளம் 18,000 ரூபாய். சமையல் என்றால் உயிர். முந்திரிக்கொத்து (சிறுபயறும் கருப்பட்டியும் உருட்டி எண்ணெயில் சுடுகிற இனிப்பு), ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், அச்சு முறுக்கு எல்லாம் அவர் கைக்கு அப்படி வருமாம். போன வருடம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டு நாற்பது கிலோ முந்திரிக்கொத்து செய்து கொடுத்திருக்கிறார். சாப்பிட்டவர்கள் எல்லாரும் "நீ கடை போடு" என்கிறார்கள். "பிடித்த வேலையையே தொழிலாக வைத்துக்கொண்டால் கஷ்டம் தெரியாது என்கிறார்களே அண்ணா, வேலையை விட்டுவிட்டு இறங்கட்டுமா?" என்று கேட்கிறார்.

விட வேண்டாம், இப்போதைக்கு. உங்கள் பலகாரம் விற்காது என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். உங்கள் பலம் எது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அது இல்லை என்று எனக்குப் படுகிறது. அதற்கு வருமுன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நான் பட்ட அடி அதில்தான் இருக்கிறது.

எனக்கு மார்த்தாண்டம் பக்கம். அப்பா காலத்திலிருந்து தேனீ வளர்ப்பு. பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால் எனக்குச் சோறு தண்ணி நினைவு வராது. தேங்காய்க் கதம்பையைக் கொளுத்தி லேசாகப் புகை காட்டி, மூடியை நீக்கி, ஒவ்வொரு சட்டமாகத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடிப்பேன். அறைக்குள் முட்டை நட்டமாக நின்றால் இன்றைக்கு இட்டது. சாய்ந்திருந்தால் நேற்றையது. படுத்துவிட்டால் பொரியப் போகிறது. ராணியைத் தேடவே வேண்டாம், அவள் இன்றைக்கு வேலை செய்தாளா என்று அதிலேயே தெரிந்துவிடும். இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை.

அதனால் தேன்தான் என் தொழில் என்று முடிவு செய்துகொண்டேன். முன்பெல்லாம் மொத்த வியாபாரி சொன்ன விலைக்கு டின்னோடு தூக்கிக் கொடுத்துவிடுவோம். நானே பாட்டிலில் அடைத்து விற்றால் என்ன என்று ஆசை வந்தது. நாற்பது பெட்டித் தேன். பாட்டில், மூடி, ஸ்டிக்கர் எல்லாம் வாங்கிக் கடை கடையாகப் போட்டேன். இரண்டே மாதத்தில் பாட்டில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. "அடியில் சீனி கெட்டியாக நிற்கிறது, கலப்படம்" என்றார்கள்.

நம்மூர்த் தேனில் பெரும்பங்கு ரப்பர்த் தேன். மார்கழி, தையில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும்போது, மூன்று இலை சேரும் காம்பு நுனியில் மது சுரக்கும். ஈ எடுப்பது அதைத்தான், பூவிலிருந்து இல்லை. அந்தத் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். வெந்நீரில் பாட்டிலை இறக்கி வைத்தால் இளகிவிடும். இது எனக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது. அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வரவில்லை. போதாக்குறைக்குச் சில பாட்டிலில் ஈரம் கூடிப் புளித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை வந்தது. முழுதாக மூடாத அறைகளில் அவசரப்பட்டுத் தேன் எடுத்தது என் தப்பு.

அதைவிடப் பெரிய கஷ்டம் வசூல். பாக்கி கேட்கப் போவேன். கடைக்காரர் "வாங்க, டீ குடிக்கிறீங்களா?" என்பார். குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். வீட்டில் "என்ன, கொடுத்தாரா?" என்றால் "கொடுத்தார்" என்பேன், டீயை நினைத்துக்கொண்டு. அந்த வருடம் எனக்கு வெளியே நின்ற பணம் ஒரு பைக் வாங்கும் அளவு இருந்தது.

தேனீ மேல் ஆசை எனக்கு ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் நான் நடத்த முயன்றது தேனீ வளர்க்கும் தொழில் இல்லை, பாட்டில் விற்கும் தொழில். இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதே சமயத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. அருமனை, குலசேகரம், திற்பரப்பு என்று அங்கங்கே ஆட்கள் போன் பண்ணுவார்கள். "ஈ எல்லாம் போயிடுச்சு, ஒரு தடவை வந்து பாருங்களேன்." "ராணி இல்லைன்னு நினைக்கேன்." "கூட்டம் பெருத்துப்போச்சு, பிரிச்சுத் தாங்க." நானும் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு வருவேன். இதற்குக் காசு வாங்கலாம் என்றே தோன்றவில்லை. எனக்கு அது வேலையாகத் தெரிந்தால்தானே!

எங்கள் மைனிதான் (அண்ணன் மனைவி) ஒருநாள் கேட்டார்கள்: "கொழுந்தா, விக்கத் தெரியாத தேனை விக்க வெயில்ல அலையிறீங்க. எல்லாரும் தேடி வந்து கேக்குறதை ஓசியில குடுக்கிறீங்க. இது என்ன கணக்கு?" அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது என் வருமானத்தில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் பிரித்து, ஈயோடு பெட்டி விற்பதிலும், அடுத்தவர் தோட்டத்துப் பெட்டிகளை மாதக் கணக்குக்குப் பார்த்துக்கொடுப்பதிலும் வருகிறது. பாட்டில் விற்பனை முழுக்க மைனி கையில். உறைந்த தேனைத் திருப்பிக் கொண்டுவருகிற கடைக்காரரிடமே வெந்நீர் வாங்கி, அவர் கண் முன்னால் இளக்கிக் காட்டி, இன்னும் ஆறு பாட்டில் வைத்துவிட்டு வருவார்கள். பாக்கியும் வந்துவிடும். மைனி டீ குடிப்பதில்லை.

சரி, இனி உங்கள் விஷயம்.

பிடித்த வேலை என்பதும் கைவந்த வேலை என்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. கைவந்ததற்கு என்ன அடையாளம் என்றால், அது உங்களுக்கு ஒரு வேலையாகவே தெரியாது. "இதில் என்ன இருக்கிறது, யாரும் செய்வார்களே" என்று நினைப்பீர்கள். அதனால்தான் அதை நம் வாயால் சொல்ல மாட்டோம். அடுத்தவர் நம்மிடம் எதைக் கேட்டு வருகிறார்கள் என்று பார்த்தால்தான் பிடிபடும்.

நீங்கள் எழுதியதில் சமையல் பிடிக்கும் என்பதற்கு ஒரே ஒரு வரி. ஆனால் அந்த நாற்பது கிலோவைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு வரி இருக்கிறது. சிறுபயறு எத்தனை கிலோ, கருப்பட்டி எங்கே வாங்கினால் மண் இல்லாமல் இருந்தது, எண்ணெய் எவ்வளவு மிஞ்சியது, உதவிக்கு வந்த மூன்று பேரில் யாருக்கு உருண்டை ஒரே அளவாகப் பிடிக்க வரும், யார் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகராமல் நிற்பார், எந்தச் சித்தி சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் போகிற போக்கில். தங்கச்சி, உங்கள் ஊரில் நன்றாக முந்திரிக்கொத்து சுடத் தெரிந்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். அந்த இருபது பேரில் இப்படி ஒரு நோட்டு வைத்திருப்பவர் யார்? உங்கள் பலம் என்று நான் மனதில் வைத்திருந்தது இதைத்தான்.

அந்த நோட்டை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிலோ 400 ரூபாய் என்று கொடுத்திருக்கிறீர்கள். சாமானுக்கு 230 ஆனது, 170 லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது கிலோவுக்கு 6,800 ரூபாய். நல்ல தொகைதான். ஆனால் நான்கு பேர் மூன்று நாள் உழைத்திருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் என்பதால் கூலி வாங்கவில்லை. இதே வேலைக்கு வெளியாள் வைத்து நாளைக்கு 500 கொடுத்தால், மூன்று பேருக்கு மூன்று நாளில் 4,500 போய்விடும். மிச்சம் 2,300. நீங்கள் லீவு போட்ட மூன்று நாளுக்கு உங்கள் சம்பளக் கணக்கில் 1,800. ஆக லாபம் என்று நிற்பது 500 ரூபாய். அதிலிருந்துதான் கேஸும் பாத்திர வாடகையும் கொடுக்க வேண்டும்.

இதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். ஊர் முழுக்க வீட்டுப் பலகாரக்காரர்கள் விழுகிற குழி இதுதான். தன் கூலியைப் போடுவதில்லை, அப்புறம் இரண்டு வருடம் கழித்து முதுகுவலியோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், நீங்களே இதில் விழலாமா?

அப்படியானால் விலையைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் ஆள்நாளைக் குறைக்க வேண்டும். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். பயறு வறுத்துத் தோல் நீக்கித் திரிப்பதில் ஒருநாள் போயிருக்கிறது. அதை முதல் வாரமே மில்லில் கொடுத்து மாவாக வாங்கி வைத்துவிடலாம். தேங்காய் துருவி ஈரம் போக வறுப்பதும் முன்கூட்டியே முடிகிற வேலைதான். பாகு காய்ச்சி, மாவு கிளறி, சூடு ஆறுமுன் உருண்டை பிடிப்பதற்குத்தான் கை அதிகம் வேண்டும். ஆறிவிட்டால் உதிர்ந்துபோகும். ஆகவே நான்கு பேரும் ஒன்றாக உட்கார வேண்டியது அந்த ஒரு காலைப் பொழுதுக்குத்தான். மாவில் முக்கி மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் இடுவதற்கு இரண்டு பேர் போதும். நாற்பது கிலோவை இப்படி ஏழெட்டு ஆள்நாளுக்குள் கொண்டுவர முடியும் என்று நினைக்கிறேன். முடியுமா முடியாதா என்று உங்கள் நோட்டுதான் சொல்லும்.

சிப்ஸை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். நாகர்கோவிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சிப்ஸ் கடை. மஞ்சள் தண்ணீரில் போட்டெடுத்த காயைக் கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலேயே சீவிப் போட்டு, உப்புத் தண்ணீரைத் தெளித்து வாங்குகிற கைவேகம் அங்கே இருக்கிறவர்களுக்குத் தினமும் பழக்கம். நாலு கிலோ காய் போட்டால் ஒரு கிலோ சிப்ஸ் தேறினால் பெரிது. ஓணம் நெருங்கும்போது ஏத்தன் குலை எல்லாம் கேரளத்துக்கு ஏறும், விலை எங்கேயோ போகும். 2025இல் தேங்காய் எண்ணெய் நானூறு ரூபாயைத் தாண்டியபோது பெரிய கடைக்காரர்களே திணறினார்கள். காய் விலையும் எண்ணெய் விலையும் நம் கையில் இல்லை, விற்கிற விலையைப் பக்கத்துக் கடைக்காரர் தீர்மானிக்கிறார். இதற்குள் போய் நீங்கள் எதைப் பிடிப்பது?

முந்திரிக்கொத்து அப்படி இல்லை. பெயரில் முந்திரி இருப்பதால் வெளியூர்க்காரர்கள் அண்டிப்பருப்பை, அதாவது முந்திரிப்பருப்பைத் தேடுவார்கள். கொடிமுந்திரி (திராட்சை) கொத்து மாதிரி இருப்பதால் வந்த பெயர் என்று அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் ஒரு விற்பனைப் பேச்சுதான். எந்திரத்தில் போட்டு எடுக்க முடியாத பலகாரம். தேங்காயை நன்றாக வறுத்தால் நாள்பட இருக்கும், அதனால் வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பெட்டியில் கட்டாயம் ஓர் இடம் உண்டு. கல்யாணத்துக்கு வேண்டும், கிறிஸ்துமஸுக்கு வேண்டும், தீபாவளிக்கு வேண்டும். நம் மாவட்டத்தில் இந்த மூன்றுக்குமே ஆள் உண்டு. எல்லாவற்றையும்விட, கல்யாண ஆர்டர் என்றால் தேதி முன்கூட்டியே தெரியும், பாதிப் பணம் அட்வான்ஸாகக் கேட்கலாம். கடைக்குச் சரக்குப் போட்டுவிட்டு டீ குடிக்கிற வேலை இல்லை.

கையும் விற்பனையும் வேறு வேறு ஆளிடம் இருப்பது நம்மூருக்குப் புதிதும் இல்லை. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பின்னியது நம்மூர்ப் பெண்கள், அதை விற்கும் வழியைப் பார்த்தது மிஷன். நூறு வருடம் கழித்து மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. மூலம் கிராம முன்னேற்ற வேலை தொடங்கியபோதும், புதிதாக ஏதோ ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. ஊரில் கோழி இருந்தது, பனை இருந்தது, மரப்பொந்தில் தேனீ இருந்தது. முட்டையைத் தரம் பிரித்துச் சேர்த்து விற்பது, தேனீயைப் பெட்டியில் வைப்பது என்று இருப்பதற்கே ஒழுங்கு கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கம் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு பெட்டி இருப்பதற்கு அதுதான் விதை. தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்துக் கட்டுகிற அந்தக் கைகளுக்கு யார் ஆர்டர் பிடித்துத் தருகிறார்கள் என்பதில்தான் அவர்கள் வீட்டு வரும்படி இருக்கிறது.

நீங்கள் அந்த ஆர்டர் பிடிக்கிற, ஆளைச் சேர்க்கிற, கணக்கு வைக்கிற இடத்தில் நிற்க வேண்டியவர். அடுப்படிக்கே போகக் கூடாது என்று சொல்லவில்லை. ருசி பார்த்து "பாகு முற்றிவிட்டது" என்று சொல்ல ஒருவர் வேண்டும், அது நீங்களாகவே இருக்கட்டும். ஆனால் நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றால், சாயங்காலம் ஆர்டர் கேட்டு வருகிற போனை எடுக்க உங்களுக்குத் தெம்பு இருக்காது.

இப்போது செய்ய வேண்டியது: வேலையில் இருந்துகொண்டே மூன்று ஆர்டர். சொந்தக்காரர் வீட்டு ஆர்டர் கணக்கில் சேராது. முகம் தெரியாதவர் பணம் கொடுத்து வாங்க வேண்டும், மறுபடியும் கேட்க வேண்டும். உதவிக்கு வருகிற சித்திமாருக்கு முதல் ஆர்டரிலிருந்தே கூலி கொடுத்துவிடுங்கள். "உன்கிட்ட காசா" என்று வாங்க மறுப்பார்கள். விடாதீர்கள். ஓசியில் வருகிறவரிடம் ஏழு மணிக்கு வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்ல முடியாது. மூன்று ஆர்டர் முடிந்ததும் நோட்டைத் திறந்து, எந்த நாள் உங்களுக்கு உற்சாகமாக இருந்தது, எந்த நாள் எரிச்சலாக இருந்தது என்று ஓரத்தில் எழுதுங்கள். சுடுகிற அன்று உற்சாகமாகவும் ஆள் சேர்க்கிற அன்று எரிச்சலாகவும் இருந்தால், நான் சொன்னது தப்பு. அப்போது விற்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு நீங்கள் அடுப்படியைப் பாருங்கள்.

கடன், மானியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறிய அளவு உற்பத்திக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள், டப்பா போடுவதற்கு முன்னாலேயே அது வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், பணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்துகிற தளம். மானியக் கடனுக்கு நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கிற மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஆனால் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியப் பணம் உடனே கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாகக் கிடக்கும், அப்புறம்தான் கடனில் கழிப்பார்கள். அதுவரைக்கும் தவணையைத் தொழில்தான் கட்ட வேண்டும். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையில்லாத எந்திரத்தை வாங்கி மூலையில் வைத்திருப்பவர்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். மூன்று ஆர்டருக்கு உங்களுக்கு வேண்டியது இரண்டு பெரிய உருளி, வாடகைக்கு.

பிடித்த வேலை என்றால் கஷ்டம் தெரியாது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தெரியும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்து எங்கள் பக்கத் தேனீயை வாரிக்கொண்டு போனது. புழு எல்லாம் அறைக்குள்ளேயே நீர் கோத்துச் செத்துக் கிடக்கும். அப்பாவுக்கு இருந்த பெட்டிகளில் இரண்டுதான் மிஞ்சியது. பலபேர் காலிப் பெட்டியை அடுப்பில் வைத்துவிட்டு ரப்பர் வெட்டப் போனார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்பாவும் பால் வெட்டத்தான் போனார். ஆனால் வருகிற வழியில் எந்தப் பொந்தில் ஈ போகிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். மரத்தில் மண்பானையைக் கவிழ்த்துக் கட்டி வைத்து, நோய்க்குத் தப்பிய கூட்டம் ஏதாவது வந்து அடைகிறதா என்று தினமும் போய்ப் பார்ப்பார். நான்கைந்து வருடம் பைசா வரும்படி இல்லாமல் அதைச் செய்தார். ஆசை உதவுவது அந்த மாதிரி வருடத்தில்தான். தொழில் தொடங்குவதற்கு அது பெரிய முதல் இல்லை.

கடைசியாக, தொழிலுக்குப் பெயர் என்ன வைக்கலாம், லோகோ எங்கே செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு டப்பாவில் என்னென்ன சாமான், எவ்வளவு எடை, செய்த தேதி, முகவரி, பதிவு எண் என்று சட்டம் கேட்கிற விவரம் எல்லாம் தெளிவாகத் தெரிகிற ஒரு வெள்ளை ஸ்டிக்கர் போதும். மூன்று ஆர்டர் முடியட்டும், நோட்டோடு எழுதுங்கள், யோசிப்போம். என் தேனுக்கே மூன்றாவது வருடம்தான் பெயர் வந்தது. அதுவும் மைனி வைத்தது, என்னிடம் கேட்கவே இல்லை.